மாற்றாத நம்பர்

எங்கள் ஊர் பேங்குக்குத் திங்கட்கிழமை மட்டும் போகக் கூடாது. கரும்புப் பணம் எடுக்கிறவர்கள், நூறு நாள் வேலைக் கூலி எடுக்கிறவர்கள், முதியோர் பணத்துக்கு வந்து காற்றாடிக்குக் கீழே இடம் பிடிக்கிறவர்கள் என்று அன்றைக்கு உள்ளே கால் வைக்க முடியாது. செவ்வாய்க்கிழமை போனால் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் என் மகளைச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன். நாள் பார்த்து வரவழைத்தாயா என்று கேட்டீர்கள். அப்படியெல்லாம் இல்லை இன்ஸ்பெக்டரம்மா. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்தேன், அவ்வளவுதான்.

என் அண்ணன் சந்திரசேகரை நேற்றிலிருந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அவரை விட்டுவிடுங்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தெய்வநாயகி. மோகனூரில் காவிரிக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் பெயர் அம்மாசி, போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் முக்கால்வாசி வடக்கேதான் இருப்பார். பொங்கலுக்கு வந்தால் சித்திரை வரைக்கும் இருக்க மாட்டார். வீட்டுக்கு ஆம்பளை என்றால் அது அண்ணன்தான். முட்டை லாரி வைத்திருக்கிறார், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். எனக்குப் பிள்ளை என்று ஒருத்திதான், அறிவுச்செல்வி.

அறிவு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நாமக்கல்லில் காலேஜில் சேர்ந்ததும், அப்படிப் படித்த பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது என்று சொல்லி எங்கள் ஊர் பேங்கில் அவள் பெயரில் கணக்குத் தொடங்கினோம். அப்போது அவளிடம் போன் இல்லை. என் நம்பரைத்தான் கொடுத்தோம். பணம் வந்தாலும் எடுத்தாலும் என் போனுக்குத்தான் செய்தி வரும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள்தான் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக் கொடுத்தாள்.

"கிரெடிட்டுன்னா வந்துச்சு, டெபிட்டுன்னா போச்சு. கடைசீல எந்த ஊர் ஏடிஎம் மிஷின்னு இருக்கும். இம்புட்டுத்தாம்மா இங்கிலீசு" என்பாள்.

அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட நான் தொட்டதில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அவளே எடுத்துக்கொள்வாள். ஒரு தடவை எனக்குச் செருப்பு வாங்கி வந்தாள். அளவு கொஞ்சம் பெரிதாக இருந்தது. சொன்னால் வருத்தப்படுவாள் என்று அப்படியே போட்டுக்கொண்டேன்.

கடைசி வருஷம் படிக்கும்போது, தை முடிகிற சமயத்தில், காலேஜுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, நான் நல்லா இருக்கறேன். ஜெரால்ட்டுன்னு ஒருத்தரக் கலியாணம் பண்ணிக்கிட்டேன். சேலத்துக்காரங்க, வேதக்காரங்க. நல்ல மனுசங்கம்மா. அப்பாகிட்டயும் மாமாகிட்டயும் நீங்களே சொல்லிருங்க."

அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. போலீசுக்குப் போனால் பேப்பரில் வந்துவிடும் என்று அண்ணன் போக விடவில்லை. என் வீட்டுக்காரர் வடக்கேயிருந்து போனில் அழுதார். வண்டி ஒரு காட்டுக்குள் நிற்கிறது, உடனே வர முடியாது என்றார். அவரும் என்ன செய்வார்.

அவளைத் தன் மகனுக்குக் கட்டிக்கொள்ள அண்ணன் வெகுகாலமாக நினைத்திருந்தார். வெளியே சொல்லவில்லை என்றாலும் எங்கள் சனத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து ஒன்று சொன்னார். "செத்துப்போயிருந்தா ஒரு வாரம் அழுதுட்டு எந்திரிச்சிருப்போம் தெய்வநாயகி. இது அன்னாடம் எழவா இருக்குது."

அவர் சொன்னது அவ்வளவுதான். இதைத்தான் யாரோ உங்களிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் அவள் கணக்குக்குப் பணம் வந்தது. காலேஜில் பெயரை இன்னும் எடுக்கவில்லை போலிருக்கிறது. பணம் வந்த மறுநாளே எடுத்த செய்தியும் வந்தது. நான் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். சூரமங்கலம் என்று இருந்தது, அது சேலத்தில்தான். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன். உயிரோடு இருக்கிறாள், நடந்து போய்ப் பணம் எடுக்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாள் என்று தெரிந்ததே, அது போதும் என்றிருந்தது. அந்த ஊர்ப் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கடுத்த மாதமும் சூரமங்கலம்தான். அப்போதும் சொல்லவில்லை. நான் கெட்டவள் இல்லை என்பதற்கு இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் எங்கள் பங்காளி வீட்டில் காதுகுத்து வந்தது. அழைக்கவில்லை என்றாலும் போகாமல் இருக்க முடியுமா, போனேன். எப்போதும் போலப் பந்தியில் பரிமாறக் குழம்பு வாளியை எடுத்தேன். பூவாத்தாள், எனக்கு நாத்தனார் முறை, பக்கத்தில் வந்து என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க அண்ணி. பாவம், உங்களுக்கெதுக்குச் சிரமம்" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். ஒரு சுடுசொல் இல்லை. நான் போய் உட்கார்ந்த இடத்தில் எனக்கு இரண்டு பக்கமும் ஒருவரும் உட்காரவில்லை. பந்தியில் அத்தனை கூட்டம், அந்த இரண்டு இலைகள் மட்டும் காலியாகவே கிடந்தன. சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் நான் எங்கே போனாலும் இப்படித்தான் இருக்கும் என்று தெளிவாகத் தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. மகள்மேலும் வரவில்லை. ஒரு கணக்குப் புரிந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த தடவை பணம் வந்த செய்தி வந்ததும் விடிகாலை பஸ் ஏறினேன். சூரமங்கலத்தில் இறங்கி விசாரித்தேன். அந்த மிஷின் ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில் இருந்தது. பேக்கரி வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் அவர்கள் வந்தார்கள். அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அந்தப் பையன் ஒல்லியாக, செல்போன் கடைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முதலில் அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். சாலையில் அண்ணனின் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினாள். நான் ஒருத்திதான் என்று தெரிந்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"வருவீங்கன்னு தெரியும்மா" என்றாள். "நம்பர மாத்தச் சொல்லி இவரு சொல்லிட்டே இருந்தாரு. நாந்தான் வேணும்னே மாத்தல. காசு எடுத்தா உங்களுக்கு மெசேஜ் வருமில்ல. நான் உசுரோட இருக்கறது உங்களுக்கு மட்டும் தெரியட்டும்னு விட்டுட்டேன்."

அதைக் கேட்டு நான் அழுதேன். பொய் அழுகை இல்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துவிட்டு, எதற்கு வந்தேனோ அதைச் சொன்னேன்.

"பேங்க்ல ஆதார், போட்டோ எல்லாம் மறுபடி கேக்கறாங்க சாமி. நீ நேர்ல வந்து கையெழுத்துப் போடலீன்னா கணக்க நிறுத்திருவாங்களாம். அப்புறம் அரசாங்கக் காசு வராது."

அப்படி ஒரு செய்தி வந்தது நிஜம். என் கணக்குக்கு வந்தது. அவள் கணக்குக்கு ஒன்றும் வரவில்லை.

அவளுக்குக் கவலையாகிவிட்டது. பரீட்சை எழுதிவிட வேண்டும் என்று இருந்தாள். அதற்குத்தான் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்திருந்தாள். என்னைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் சின்ன வீடு. பையனின் அம்மா ரோசி, கணவர் இல்லாத பொம்பளை, என்னைக் கண்டதும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டு வந்தார். காலை நீட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருந்தது.

பையன்தான் தயங்கினான். "நானும் கூட வாரேங்க அத்தை" என்றான். எங்கள் பேச்சை அவளிடமிருந்து கற்றிருந்தான்.

"நீங்க வந்தா ஊர்ல பேச்சாகும் தம்பி. ஒரு நாள்தான. சாயங்காலம் நானே பஸ் ஏத்தி உடறேன்" என்றேன்.

ரோசிதான் அவனைச் சமாதானப்படுத்தினார். "பெத்த அம்மா கூப்பிடறாங்க. போய்ட்டு வரட்டும்டா. நாளைக்கு ஒரு புள்ள பொறந்தா இவங்கதான பாக்கணும்" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சொன்னபடி அறிவு வந்தாள். பேங்கில் கூட்டமே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இந்தக் கணக்குல எல்லாம் சரியாத்தான் இருக்கு. எதுவும் தேவையில்லையே" என்றாள். அறிவு திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவள் சிரித்துவிட்டாள்.

"என்னய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குப் பொய் சொன்னீங்களாக்கும். நேராவே கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டனா" என்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவரை நீங்கள் பிடித்து வைத்திருப்பது தப்பு. சூரமங்கலத்திலிருந்து திரும்பிய அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அவளைப் பார்த்தேன், வீடு தெரியும், செவ்வாய்க்கிழமை வருகிறாள் என்று எல்லாம் சொன்னேன். அவர் ஏதாவது சொல்லுவார், அவரே பார்த்துக்கொள்வார் என்றுதான் சொன்னேன். அவர், "நல்லா இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்கண்ணா."

"செரி, உட்ரு. எங்கியோ இருந்துட்டுப் போகட்டும். எனக்கும் வயசாச்சு, யார்கிட்டயும் மல்லுக்கட்ட முடியாது. வந்தா வயித்துக்குச் சோறு போட்டு அனுப்பு. என் கண்ணுல மட்டும் பட வேண்டாம்."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை அவர் பாலக்காட்டில் இருந்தார். சுங்கச்சாவடியில் கேட்டால் சொல்லுவார்கள்.

அவரே விட்டுவிட்டால் நான் யாரிடம் போவேன். அவர் கத்தியிருந்தால், அடித்திருந்தால், நான் குறுக்கே விழுந்து மகளைக் காப்பாற்றியிருப்பேன். அந்தத் தைரியம் எனக்கு உண்டு. அவர் ஒன்றுமே செய்யாமல் போனதால் எல்லாம் என் தலையில் விழுந்தது. அந்தக் காலி இலைகளுக்கு நடுவில் உட்காரப் போவது அவர் இல்லை, நான்தான்.

அவளுக்கு அரிசியும் பருப்பும் போட்டு ஆக்குகிற சாதம் பிடிக்கும். அதைத்தான் ஆக்கினேன். நெய் தாராளமாக ஊற்றினேன். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் எப்போதும் இருக்கும், அதை நான் புதிதாக வாங்கவில்லை. தட்டில் போட்டு வைத்ததும், கையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தாள்.

"நீங்களே ஊட்டி உடுங்கம்மா. எத்தன நாளாச்சு" என்றாள்.

ஊட்டினேன். இரண்டாவது கவளத்தில் முகத்தைச் சுளித்தாள்.

"ஒரு மாதிரி கசக்குதும்மா."

"நெய்யி காறிப்போச்சு சாமி. அம்மாவுக்காகச் சாப்பிடு."

சாப்பிட்டாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு, ஆடியில் என்னையும் அப்பாவையும் சூரமங்கலத்துக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாள். மாசமாக இருக்கிறேன் என்பதையும் அப்போதுதான் சொன்னாள். தட்டில் இன்னும் பாதிக்குமேல் இருந்தது.

ஏன் அப்போதாவது நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், உடனே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகவும் சொல்கிறீர்கள். எனக்கும் அது தெரியும். பிழைத்திருந்தால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து அல்லவா ஆரம்பிக்கும். கதவு திறந்துதான் கிடந்தது. வாசலில் யாரும் காவல் நிற்கவில்லை. யாரும் என்னை மிரட்டவும் இல்லை. அதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், அண்ணனுக்கு உதவும்.

நான் படிக்காத பொம்பளை. புருஷன் வடக்கே. கூடப் பிறந்தவரும் கைகழுவிவிட்டார். தட்டு காலியாகிற வரைக்கும் நான்தான் அவளுக்கு ஊட்டிவிட்டேன். மற்றபடி என் கையில் என்ன இருந்தது, நீங்களே சொல்லுங்கள்.