திருத்தாத படம்

பிரவீணன் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது நான் கமராவைப் பைக்குள் வைத்துப் பையின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, தனுசியா எங்கை? அண்ணை, தண்ணியைப் பாருங்கோ."

சிப்பைக் கடைசிவரை மூடினேன். கடற்கரை மணல் லென்சுக்குள் போனால் லேசில் எடுக்க முடியாது. செருப்பைக் கழற்றிப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு ஓடினேன். அவனும் பின்னால் முழங்கால் தண்ணீர்வரை வந்தான்.

"நீ வராதை. உனக்கு நீந்தத் தெரியாது. ஓடிப்போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா."

அவன் திரும்பி ஓடினான். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்பான்.

அந்தச் சிப்பைப் பற்றி அவன் பொலிஸில் உங்களிடம் சொல்லியிருக்கிறான், சேர். அது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். நான் எதையும் அரைகுறையாக விட்டுவிட்டு எழும்புகிறவன் இல்லை, அவ்வளவுதான். ஆறுதலாக, முதலிலிருந்து சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் செந்தூரன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பதினெட்டு வருடமாக ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கலியாண வீடு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு எல்லாம் எடுப்பேன். எடுப்பதைவிடத் திருத்துவதுதான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. மாப்பிள்ளையின் தழும்பை எடுத்துவிடுவேன். பிரிந்து போன மருமகனைக் குடும்பப் படத்திலிருந்து எடுத்துவிட்டு, அவன் நின்ற இடத்தில் ஒரு பூச்சாடி வைப்பேன். அழிக்கச் சொல்லி வருகிறவர்கள் ஒருவரும் என் கடையில் அழுததில்லை. படம் கையில் வந்ததும் முகம் தெளிந்துதான் போவார்கள்.

காலைக் காட்சிகளைப் படமெடுப்பது என்னுடைய சொந்த ஆசை. அதற்காகவே பிரவீணனையும் சேர்த்து ஏழு பேர் கொண்ட ஒரு குழுவை நடத்தினேன். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கரைக்குப் போய் இரவு தங்கி, விடியலைப் பிடித்துக்கொண்டு வருவோம். அவர்களுக்கு நான்தான் ஆசான். சென்ற வருடம் 'மார்கழிக் காலை' என்ற என் படத்துக்கு முதற்பரிசு கிடைத்தது. பனிக்குள் இரண்டு பனைகள், நடுவில் சூரியன். அச்சுவேலியில் எடுத்தது. அந்தப் படத்தை முன்னால் வைத்து வைகாசியில் ஒரு பெரிய கண்காட்சி செய்ய இருந்தோம்.

தனுசியாவும் அச்சுவேலி. தோட்டக்காரக் குடும்பம். குழுவுக்கு வந்து எட்டு மாதம்தான். கொழும்புத்துறைக்குப் போகும் வான் வண்டியில் என் பக்கத்துச் சீற்றில் வந்து இருந்தாள். மற்றவர்கள் பின்னால் பாட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது. அந்த ரெண்டு பனையும் எங்கடை தோட்டத்துப் பனை."

"ஓம். அதுக்கென்ன?"

"மார்கழியிலை சூரியன் அதுக்கு நடுவிலை எழும்பாது. தெற்காலை தள்ளி, வைரவர் கோயில் பக்கம்தான் எழும்பும். சித்திரையிலைதான் பனைக்கு நடுவிலை வரும். சித்திரையிலை பனி இல்லை."

பரிசு கொடுத்த நடுவர்கள் மூவரும் படித்தவர்கள். அவர்களில் ஒருவரும் அந்தத் தோட்டத்தில் விடியற்காலையில் தண்ணீர் கட்டியவரில்லை. சூரியனை நான் காங்கேசன்துறையில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து கொண்டுவந்திருந்தேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களே இந்தப் பயணம் முடியிறதுக்குள்ளை எல்லாருக்கும் சொல்லிப்போடுங்கோ. எல்லாரும் உங்களை நம்பித்தானே வந்திருக்கினம்." பிறகு, நான் சங்கடப்படுகிறேன் என்று நினைத்தோ என்னவோ, சிரித்தாள். "கலியாண அல்பம் மாதிரி இல்லாமல் ஒரு படத்தையாவது திருத்தாமல் குடுங்கோ பாப்பம், அண்ணை."

அவள் என்னை மிரட்டவில்லை. அதை நீங்கள் எழுதவேண்டும். மரியாதையான பிள்ளை.

அன்று மாலை இடம் பார்க்கப் போனோம். சிமியோன் என்ற மீன்பிடிக்காரர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், எங்களைக் கண்டு நின்றார்.

"தம்பியவை, உந்தச் சிவப்புத் துணி கட்டின கம்பு தெரியுதெல்லே? நான்தான் ஊண்டினது. அதுவரைக்கும் முழங்கால் தண்ணி. அங்காலை வள்ளம் போற வாய்க்கால் வெட்டிக் கிடக்கு. ரெண்டாள் தாழ்வு, அடியிலை சேறு. கம்பைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது, விளங்கிச்சோ?"

"எங்கடை தனுசியாவுக்குச் சொல்லுங்கோ ஐயா," என்றான் பிரவீணன். "ஆளுக்குக் கிணத்துக்கை எட்டிப் பாத்தாலே தலை சுத்தும்."

"ஓம், நீர் பெரிய மீன்," என்றாள் அவள். "போன மழைக்கு மோட்டச்சைக்கிளோடை வெள்ளத்துக்கை விழுந்து, நடு றோட்டிலை நீந்தின ஆளெல்லே."

சிமியோன்கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

விடியற்காலை நான் ஐந்து பேரை இறங்குதுறைப் பக்கம் அனுப்பினேன், வள்ளங்களை எடுக்கட்டும் என்று. பிரவீணனை என்னோடு வைத்துக்கொண்டேன். தனுசியாவைப் படத்துக்குள் நிற்கச் சொன்னேன். வெறும் கடலும் சூரியனும் போதாது, அளவு காட்ட ஒரு மனித உருவம் வேண்டும். இது தொழில் தெரிந்த எல்லோரும் செய்வது. வானில் அப்படிக் கதைத்ததற்குப் பிறகு அவளுக்கு என்னிடம் ஒரு கூச்சம் இருந்தது. எது சொன்னாலும் ஓம் என்றாள்.

"கம்படிக்குப் போய் அதைப் பிடிச்சுக்கொண்டு நில். தாண்டாதை."

"ஓம் அண்ணை, கம்புவரைக்கும்தான்."

அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வானில் விட்டு வந்த கமரா முக்காலியை எடுத்துவரச் சொல்லி பிரவீணனை அனுப்பினேன். அவன் முக்காலியோடு திரும்பி வந்த நேரத்தில்தான் அந்தக் கத்தல்.

பிறகு நடந்தது உங்களுடைய முதல் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது. எல்லோரும் ஓடி வந்தபோது நான் கழுத்தளவு தண்ணீரில் நின்று, சிமியோனின் கம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வாய்க்காலைத் துழாவிக்கொண்டிருந்தேன். வள்ளக்காரர் வந்துதான் அவளை எடுத்தார்கள். நான் கம்பை அதன் இடத்தில் திரும்ப ஊன்றிவிட்டுக் கரைக்கு வந்து குந்தியிருந்து அழுதேன். பிள்ளை கம்பைத் தாண்டிவிட்டாள் என்று எழுதினீர்கள். அவளுடைய அம்மாவும் அதை நம்பினா.

அம்மாவின் பெயர் அருந்ததி. பத்தாம் நாள் ஸ்ரூடியோவுக்கு வந்தா. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவுப் புத்தகம் அடிப்போமே, கல்வெட்டு என்று சொல்வது, அதன் அட்டைக்குப் படம் வேண்டுமாம்.

"தம்பி, பிள்ளையின்ரை கடைசிப் படம் உங்களிட்டைத்தானே இருக்கும். அதைத் தாங்கோ ராசா."

என்னிடம் அவளுடைய படம் வேறு முப்பது இருந்தது. பிறந்தநாள் கேக்கோடு ஒன்று, வானுக்குள் வாயைப் பிளந்து தூங்குவதாக ஒன்று. எதையாவது கொடுத்திருக்கலாம். ஆனால் நான் கடைசிப் படத்தைத்தான் கொடுத்தேன். தங்க நிறத் தண்ணீர். முழுச் சூரியன். அதற்கு முன்னால் நெஞ்சளவு தண்ணீரில் கறுப்பு நிழலுருவாக அவள், இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தி. கொஞ்சம் தள்ளிச் சிமியோனின் கம்பு. வழக்கமாக அந்தக் கம்பை ஒரு நிமிடத்தில் அழித்திருப்பேன். தண்ணீரில் மிதந்த பிளாஸ்ரிக் போத்தலைக்கூட அழிக்கவில்லை. அவள் கேட்டாள் அல்லவா, திருத்தாத ஒரு படம். நான் சொல் தவறுகிறவன் இல்லை.

அம்மா படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டா.

"கோயிலடிக்கு வா எண்டால் வரமாட்டாள். இஞ்சை பாருங்கோ தம்பி, கடைசி நேரத்திலை சூரியனைக் கும்பிட்டுக்கொண்டு நிண்டிருக்கிறாள் என்ரை பிள்ளை."

"ஓம் அம்மா," என்றேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுப் பந்தலில் எல்லோர் கையிலும் அந்தப் படம் இருந்தது. சிமியோனும் வந்திருந்தார், தன்னுடைய கம்படியில் போன உயிர் என்று. கல்வெட்டை வாங்கிப் பார்த்தவர் சாப்பிடாமல் எழும்பி என்னிடம் வந்தார்.

"தம்பி, என்ரை கம்புக்கு இஞ்சாலை முழங்காலுக்கு மேலை தண்ணி இல்லை. பிள்ளைக்கு நெஞ்சுமட்டும் தண்ணி நிக்குது. கம்பு பிள்ளைக்கு அங்காலை நிக்குது. எப்பிடித் தம்பி?"

பந்தலில் நூறு பேர் பார்த்த படம். அவர் ஒருவர்தான் தண்ணீரைப் பார்த்தார். அன்று பின்னேரமே உங்களிடம் வந்திருக்கிறார். சரியான மனிதர்.

ஓம், சேர். கம்பை நான்தான் மாற்றினேன். அவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, வெளிச்சம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முன்னால் போனேன். கீரிமலைக் கேணியில் நீந்திப் பழகியவன் நான். வாய்க்கால் ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி, அகலம்கூட இல்லை. உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கம்போடு நீந்திப்போய் வாய்க்காலின் அந்தப் பக்கத்தில் ஊன்றினேன். அவளைத் தேடுகிறேன் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் திரும்பக் கொண்டுவந்தேன். இடம் மாறிய பொருளை இருந்த இடத்தில் வைப்பது எனக்குப் பழக்கம்.

நீங்கள் கேட்டதெல்லாம் கம்பைப் பற்றித்தான். அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. சிமியோனும் அதைச் சொல்லவில்லை. கவனிக்கவில்லையோ, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாரோ, தெரியாது. பிரவீணன் வந்தபோது கமராவைப் பைக்குள் வைத்தேன் என்றேன். அதுவரை அது என் கண்ணில் இருந்தது. பதினான்கு படம். கல்வெட்டில் இருப்பது ஏழாவது.

அம்மா தினமும் விடியற்காலையில் அதற்கு விளக்கு வைக்கிறாவாம். அவவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், நல்ல மனதோடுதான் கேட்கிறேன். சூரியனுக்கு எதிரே நிற்கும் நிழலுருவில் முகமும் முதுகும் ஒரே கறுப்பு. எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாள் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. எடுத்தவனுக்குத் தெரியும்.

அவள் சூரியனைப் பார்க்கவில்லை, சேர். கரையைப் பார்த்து, அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.