முட்டி வலி மாத்திரை

வெறும் வயிற்றில் நான் யாருக்கும் மாத்திரை கொடுப்பதில்லை, சார். சாப்பிட வைத்துத்தான் கொடுப்பேன். அந்த அளவுக்கு அத்தையைப் பார்த்துக்கொண்டேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மாமியார் ரத்தினம்மாளுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை போட்டால்தான் காலை ஊன்றுவார். போன சித்திரையில் பாதம் வீங்கியது. சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தோம். டாக்டர் அறை மாடியில். படி ஏற முடியாமல் அத்தை கீழே ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டார். ரிசல்ட்டை நான் மட்டும் கொண்டுபோனேன்.

"கிட்னி பாதி போச்சும்மா. இந்த வலி மாத்திரைய இன்னியோட நிறுத்திடுங்க. இல்லன்னா உசுருக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

கீழே வந்ததும் அத்தை கேட்டார். "என்னாடி சொன்னாரு?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, விடாம போடச் சொன்னாரு அத்த."

ஏன் என்று கேட்கிறீர்கள். அதற்கு முந்தின வருடம் நான் பிள்ளை உண்டாகியிருந்தேன்; ஏழாம் மாதத்திலேயே எனக்கு இடுப்பு வலி எடுத்தது. கணவர் கடலூர் கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தார். ஆட்டோ கூப்பிடச் சொல்லி அத்தையின் கையைப் பிடித்தேன்.

"இது சூட்டு வலிடி. சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு. தானா அடங்கிடும்" என்றார். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். நானும் குடித்தேன். துணி நனைந்த பிறகும், "பொம்பளன்னா வலியத் தாங்கணும்" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். பக்கத்து வீட்டு அமராவதி அக்கா ஆட்டோ பிடித்து வருவதற்குள் நேரமாகிவிட்டது. பிள்ளை பாதி வழியில் பிறந்தது. அழவில்லை.

நான் வெறும் கையோடு வீடு திரும்பிய அன்று, முட்டி வலிக்கிறது, மாத்திரை எங்கே என்று கேட்டார் அத்தை. இவருக்கு மட்டும் வலி ஆகாதாம். சரி, வலிக்கவே வேண்டாம் என்றுதான் டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தேன். மருமகள் என்றால் இவள்தான் என்று தெருவே சொன்னது.

ஐப்பசியில் முகமும் வீங்கியது. சிறுநீர் நின்றுவிட்டது. கடைசி நாளன்று மூச்சு வாங்கியது. கணவர் அன்றும் ஷிஃப்டில். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எளமதி, என்னமோ பண்ணுதுடி. ஆட்டோவக் கூப்புடு."

தலையணையைச் சரிசெய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கோபமே இல்லாமல்தான் சொன்னேன்.

"சூடுதான் அத்த. சீரகத் தண்ணி வெச்சித் தர்றேன். தானா அடங்கிடும்."

அவர் குடித்து முடிக்கும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டினேன்.