பாத்துக்கிடுதேன்

எனக்குச் சத்தம் போடுகிறவர்களைப் பிடிக்கும், மேடம். ராயபுரத்தில் நான் வளர்ந்த தெரு அப்படி. அப்பாவுக்குக் கோபம் வந்தால் தட்டைத் தூக்கி வாசலில் எறிவார். கொஞ்ச நேரத்தில் அவரே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து, "ரேகா, இன்னொரு துண்டு மீனு வைம்மா" என்பார். அதோடு முடிந்துவிடும். யாருக்கு யார்மேல் கோபம் என்று தெருவுக்கே தெரியும்.

என் கணவர் ஷிபின் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். திருவொற்றியூரில் மளிகை மொத்தக் கடை. கடைக்கு மேலேயே வீடு. அவர், நான், அவருடைய தங்கை ஜானட். தங்கமான மாப்பிள்ளை கிடைத்தது உன் அதிர்ஷ்டம் என்று என் அக்கா இன்றுவரை சொல்கிறாள்.

தங்கம்தான். குழம்பு பிடிக்கவில்லை என்றால் சொல்லமாட்டார். "நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் பசியில்ல" என்று எழுந்துபோய், கடையில் உட்கார்ந்து புரோட்டா வரவழைத்துச் சாப்பிடுவார். அந்தப் பொட்டலத் தாளை நான் பார்க்கிற மாதிரி அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார். அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். "தாராளமா" என்றார். அன்றைக்கு லோடு பார்க்க எண்ணூர் போனவர், பந்தி முடிந்த பிறகு வந்து, "மறந்தே போச்சு பாத்தியா" என்றார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். "நான் ஒண்ணும் சொல்லலியே ரேகா."

உண்மைதான். அவர் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. அதில்தான் எனக்கு மூச்சு முட்டியது.

ஒரு மனநல டாக்டர் பேசியதைச் செல்போனில் கேட்டேன். கோபத்தை வாயால் சொல்லாமல், மறதியாலும் தாமதத்தாலும் காட்டுகிறவர்கள் உண்டாம். கேட்டதும் அழுதுவிட்டேன். கோளாறு என்னிடம் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் இருக்கிறது. இரும்புப் பெட்டி. மழைக்காலத்தில் தொட்டால் ஷாக் அடிக்க ஆரம்பித்தது. மோட்டார் போடுவது என் வேலை, அதனால் ஷாக்கும் எனக்கு மட்டும்தான். அவரிடம் சொன்னேன். "பாத்துக்கிடுதேன்" என்றார். ஒவ்வொரு முறை சொன்னபோதும் அதே பதில். நான் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, காய்ந்த மரக்கட்டையால் தட்டி மோட்டார் போடப் பழகினேன்.

கடைசியில் எலக்ட்ரீஷியன் தாமோதரனை நானே கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்தவர் பதறிப்போனார்.

"யக்கா, எர்த்து ஒயரே அறுந்து கீது. கரண்டு பொட்டில எறங்குது. ஈரத்தோட தொட்டா ஆளு காலி. இப்பவே மாத்திட்டுப் பூடறேன்."

"வோணாம் நைனா. அவரு பாத்துக்கறேன்னு சொல்லிக்கீறாரு. நீ போ" என்று அனுப்பிவிட்டேன். கணவர் சொன்ன வார்த்தையை மதித்தேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் படிக்கட்டு அடியை நன்றாகக் கழுவிவிட்டேன். அழுக்காக இருந்தது. செருப்பையும் கட்டையையும் மொட்டை மாடியில் காயவைத்தேன். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டேன். பிறகு தலைவலி என்று படுத்துக்கொண்டேன். சர்ச்சுக்குப் போகக் குளிக்க வந்தவரிடம், "தண்ணி இல்ல, நீங்களே மோட்டார் போட்டுக்கங்க" என்றேன்.

"பாத்துக்கிடுதேன்" என்றார்.

சற்று நேரத்தில் கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "ஜானட், அந்த மோட்டாரக் கொஞ்சம் போட்டுட்டு வா மக்கா."

ஜானட் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்து, வாளியில் இருந்த தண்ணீரில் கைகால் கழுவியிருந்தாள். எவ்வளவு களைத்து வந்தாலும், "மைனி, நீங்க சாப்பிட்டீங்களா" என்று கேட்காமல் தட்டில் கைவைக்கமாட்டாள். அந்தப் பெட்டியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. "சரிண்ணே" என்று வெறுங்காலோடு படியிறங்கும் சத்தம் கேட்டது.

கூப்பிட நேரம் இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லையே. அவளை அனுப்பட்டுமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

தாமோதரன் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. வாய்விட்டுப் பேசுகிற மனிதர். ஆமாம், நான்தான் செய்தேன். அவருக்குச் செய்தது, அவள் போய்விட்டாள். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். கல்லறைத் தோட்டத்தில் அவர் என் பக்கத்தில்தான் நின்றார். அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. சவப்பெட்டியை இறக்கும்போதும், மண் அள்ளிப் போடும்போதும், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் அதைத் துக்கம் என்றார்கள். எனக்குத் தெரியாதா மேடம், அது என்னைக் குத்துவதற்கென்றே இருந்த மௌனம்.