தோணியில் ஒரு சுத்தவாளி

கல்லடிக்குப் பாலம் வராத காலம். வாவியைக் கடக்கும் தோணியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்கட எருமை ஆற்றையோ வயல் வட்டைக்குள்ள இறங்கின வழக்கில, 'நான் சுத்தவாளி, குற்றம் செய்யல்ல' எண்டு சொல்லித்தான் எங்கட மனிசன் தப்பினவர் மச்சி. இப்ப வீட்டிலயும் அதுதான் பேச்சு."

"வீட்டில என்னகா வழக்கு?"

"சட்டியில மீனைக் காணல்ல. கேட்டா, 'சுத்தவாளி, சாட்சியக் கூப்பிடு' எண்டுறார். மீசையில முள்ளு."

"நீ என்ன செஞ்சாய்?"

"கோட்டில வழக்கத் தள்ளிவைக்கிற மாதிரி, சோத்துக்குத் தவணை போட்டுட்டன்."

நடு வாவியில் எங்கள் காலடியில் தண்ணீர் ஏறியது. தோணிக்காரர் குனிந்து பார்த்தார்.

"ஓட்டையில அடைச்சிருந்த துணியப் பிடுங்கினது ஆரு?"

என் பக்கத்தில் இருந்த மீசைக்காரர் ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்தபடி எழுந்து நின்றார்.

"நான் சுத்தவாளி. சாட்சி ஆரு?"

மீன் பறிகொடுத்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முதல்ல தண்ணிய இறையுங்க. தீர்ப்பக் கரையில சொல்றன்."