வெளுத்த பிளக்

பெட்ரோல் தனியாக எரியாது, சார்ஜென்ட் ஐயா. காற்றும் வேண்டும். எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு காற்று என்பதுதான் என் பிழைப்பு. ஹாபாய்த் தீவுகளில் எந்தப் படகு இஞ்சின் இருமினாலும் என்னிடம்தான் வரும்.

அந்த நாற்பது குதிரைசக்திப் படகு இஞ்சின் நான் வாங்கியது. ஆனால் நம் டோங்காவில் அக்கா மகன் கை வைத்த பொருள் அவனுடையது. தாய்மாமன் சிரித்த முகத்தோடு கொடுக்க வேண்டும். என் வலையும் பன்றிகளும் அப்படித்தான் போயின. அக்கா மகன் சேமிசி இஞ்சினையும் கேட்டான். கேட்டான் என்பது மரியாதைக்கு. கூட்டாளிகளோடு தூக்கிக்கொண்டு போகும்போது தெரிவித்தான்.

பிறகு ஒரு நாள் வந்தான்.

"யோவ் மாமா, இது இஞ்சினா ஆமையா? பெட்ரோலைக் குடிக்குது, ஓட மாட்டேங்குது. கொஞ்சம் முடுக்கி விடு."

"வேகமும் வேணும், பெட்ரோலும் மிச்சமாகணும். அதானே மருமகனே?"

"அதேதான். எங்கம்மா பொறந்த வீட்டுல மூளைக்குப் பஞ்சமா?"

கேட்டதைச் செய்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையுள்ள பித்தளைத் திருகை எடுத்துவிட்டு, அதைவிடச் சின்னத் துளையுள்ளதைப் போட்டேன். பெட்ரோல் குறைந்தது, காற்று மிகுந்தது, இஞ்சின் பாடியது. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தேநீர் நிறத்தில் இருக்க வேண்டிய அதன் முனை எலும்பாக வெளுத்திருந்தது. உள்ளே சூடு எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். எண்ணெயும் பெட்ரோலில் கலந்துதான் போகும், அதுவும் குறையும். கரையோரம் ஓட்டினால் ஒன்றுமில்லை. திறந்த கடலில் வெகுநேரம் விரட்டினால் பிஸ்டன் வீங்கி இறுகி, இஞ்சின் நடுக்கடலில் நின்றுவிடும். இதை அவனிடம் சொல்லவில்லை. அக்கா மகனுக்குப் புத்தி சொல்ல நான் யார்?

சனிக்கிழமை மதியம், கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைப் பார்க்கப் பக்கத்துத் தீவுக்குப் புறப்பட்டான். இருட்டும் வேளையில் அக்கா லுசியானே வந்தாள்.

"போய்ச் சேர்ந்தானான்னே தெரியல, தம்பி. தேடச் சொல்லட்டுமா?"

"என் கைபட்ட இஞ்சின், அக்கா. இந்நேரம் பொண்ணு வீட்டுல கிழங்கு தின்னுக்கிட்டிருப்பான். விடிஞ்சா ஞாயிறு. ஓய்வுநாள்ல ஊரையே கடல்ல இறக்கப் போறியா?"

அக்கா பக்தி மிகுந்தவள். ஞாயிறன்று ஒரு படகும் இறங்கவில்லை. சபையில், கடலில் இருப்போருக்கான ஜெபத்தில் என் குரல்தான் ஓங்கி ஒலித்தது. திங்களன்று பவளத்திட்டில் கவிழ்ந்த படகு கிடைத்தது, இஞ்சினோடு. அவள் ஒரே பிள்ளை கிடைக்கவில்லை.

துக்க வீட்டில் தாய்மாமன்தான் எல்லோருக்கும் கீழே. கிழிந்த பெரிய பாயை இடுப்பில் சுற்றி, தலைமுடியை வெட்டிக்கொண்டு, அடுப்படியில் வேலை செய்தேன். அங்கே என் பாயைவிடக் கிழிந்த பாய் இல்லை. அழுதேன். புகையால் மட்டுமல்ல, நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஓர் இஞ்சினுக்காக என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அவ்வளவு அற்பன் அல்ல.

விசாரணை முடியும்வரை அந்த இஞ்சினை நனையாத இடத்தில் வையுங்கள். பிஸ்டனை மாற்றி, பழைய திருகைப் போட்டால் நன்றாக ஓடும். இனி அதைக் கேட்டு வரத்தான் யாருமில்லையே.