ஓடாத வண்டியின் கியர்

“சாவியக் குடுங்கப்பா.”

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். கேட்டுவிட்டாள்.

மதியம் இரண்டு மணிக்கு நடக்கிற கதை. சிரிக்காதீங்க, மதியம்தான். பேய் ராத்திரி ஷிஃப்டு மட்டும்தான் பார்க்கும் என்று யார் சொன்னது? ஊர் முடிந்த பிறகும் ஒரு ரோடு போகுமே... இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வெயில், ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. அதன் கடைசியில் ஒரே ஒரு வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷெட். ஷெட்டுக்குள் அந்தக் கார்.

இது எனக்கு நடந்ததல்ல. என் கூடப் படித்தவளின் பெரியம்மா மகளுக்கு நடந்தது. அவள் அக்கா என்பாள், நானும் அக்கா என்றே சொல்கிறேன். எல்லோரும் வட்டமாக உட்காருங்கள், மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அக்கா. அதுவும் மெக்கானிக்கல். வகுப்பு முழுக்கப் பையன்கள். பட்டறை வகுப்பில் அவள் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு, “நீ ஓரமா நின்னு பாரு, கை அழுக்காயிடும்” என்பார்கள். அக்கா ஓரமாக நிற்கவில்லை. திரும்பப் பிடுங்கினாள். நான்கு வருஷமும் பிடுங்கிக்கொண்டேதான் இருந்தாள்.

வேலை கிடைத்தது. தொழிற்சாலை தூரம், தினமும் போய்வர நேர் பஸ் கிடையாது. அப்பாவிடம் அதை மறைக்காமல் சொன்னாள். “கார் இருந்தா தெனமும் போயிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். இல்லன்னா அங்கயே ரூம் எடுத்துடுவேன். அப்புறம் வரச் சொல்லிக் கூப்பிடாதீங்க.”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அது ஓடாதும்மா. கியர் லிவர் கடகடன்னு ஆடுது. கையில நிக்காது.”

“சரி பண்ணிட்டா?”

 அவர் கை சட்டைப் பைக்குப் போனது. தொட்டது. திரும்பி வந்தது. அக்காவின் அம்மா செத்து ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் கார் சாவி அந்தப் பையில்தான். சட்டை மாறும், சாவி மாறாது.

“பண்ணிப் பாரு” என்றார். ஷெட் சாவியை எடுத்துக் கொடுத்தார். கார் சாவியைக் கொடுக்கவில்லை.

அக்காவுக்கு அது போதும். கியர் லிவர் ஆடுவதைப் பார்க்கக் கார் சாவி தேவையில்லை. என்ஜின் ஓடும்போது மட்டும் லிவர் நடுங்கினால் என்ஜினைத் தாங்குகிற ரப்பர் போயிருக்கிறது என்று அர்த்தம். என்ஜின் நிற்கும்போதே ஆடினால் லிவரின் அடியில் கோளாறு. காரைப் பூட்டியிருக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து லிவரைப் பிடித்தாள். சேற்றில் நட்ட குச்சி மாதிரி நாலு பக்கமும் போனது. அடியில்தான் கோளாறு.

பூட்டிய ஷெட்டில் ஏழு வருஷம் கிடந்த வண்டி. ரப்பர் நாறும், எலி நாறும். நாறியது. அதோடு இன்னொன்றும்... வியர்வையில் கரைந்த முகப்பவுடர். இப்போதுதான் யாரோ கழுத்தைத் துடைத்துக்கொண்டு போன மாதிரி.

“ஏய், போதும்டி” என்கிறாள் நம்ம கண்ணாடிக்காரி. போதாது. இனிமேல்தான் இருக்கிறது.

லிவரைச் சுற்றியிருந்த தோல் உறையைக் கழற்றினாள். அடியில் ஒரு புஷ் இருக்கும். நைலான் வளையம், கட்டை விரல் தடிமன். லிவரின் அடியிலிருக்கும் உருண்டையை அதுதான் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அது சிதைந்திருந்தது. சரி, பழைய வண்டி, காய்ந்து வெடித்திருக்கும் என்று விரலால் தோண்டினாள். வெடிக்கவில்லை. தேய்ந்திருந்தது. சுற்றிலும் மாவு மாதிரித் துகள். கொஞ்சம் எடுத்து ஊதினாள்... லேசாகப் பறந்தது. அதன்மேல் தூசி இல்லை.

யோசித்துப் பாருங்கள். நிற்கிற வண்டியில் ரப்பர் காயும், இரும்பு துருப்பிடிக்கும். எதுவும் தேயாது. தேய வேண்டுமென்றால் யாராவது லிவரைத் தள்ள வேண்டும். இழுக்க வேண்டும். திரும்பத் திரும்ப.

அதற்குப் பிறகுதான் அவள் காரைச் சரியாகப் பார்த்தாள். பக்கத்து சீட்டில் விரல் கனத்துக்குத் தூசி. பின் சீட்டில் தூசி. ஓட்டுகிற சீட்டில் இல்லை. பிரேக் மிதியில் ஒட்டடை. கிளட்ச் மிதி பளபள. லிவரின் தலையில் கியர் எண்கள் இருக்குமே, அதில் இரண்டு தெரிந்தது, மூன்று தெரிந்தது, நான்கு தெரிந்தது. ஒன்று மட்டும் அழிந்திருந்தது.

அக்கா கத்தவில்லை. ஓடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?”

“இருக்காங்க. புஷ் இருக்கா?”

இருந்தது. புது புஷ் வைத்தாள், கிரீஸ் தடவினாள், அடி போல்ட்டுகளை இறுக்கினாள். அத்தோடு விடவில்லை. கெட்டுப்போன பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினாள். பேட்டரி மாற்றினாள். டயருக்குக் காற்றடித்தாள். கடைசியில் லிவரைப் பிடித்து ஆட்டினாள். அசையவில்லை. முதல் கியர் போட்டாள். டக். நியூட்ரல். டக். கல்லில் செதுக்கின மாதிரி.

மறுநாள் இரண்டு மணிக்கு அக்கா அடுப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஷெட்டைப் பூட்டி, அதன் சாவியைத் தன் இடுப்பில் செருகியிருந்தாள்.

டக்.

குழாயை நிறுத்தினாள்.

டக்... டக்... டக்.

முதல் கியர், நியூட்ரல். முதல் கியர், நியூட்ரல். அவசரம் இல்லாமல், விட்டு விட்டு. இந்த ஏழு வருஷமும் விடுமுறைக்கு ஹாஸ்டலிலிருந்து வரும்போதெல்லாம் ஷெட்டுக்குள் மதியம் கடகடவென்று சத்தம் கேட்கும். எலி என்பார்கள். இப்போது புஷ் புதுசு. கடகட இல்லை. சுத்தமாகக் கேட்டது.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கை நின்றது.

“அத்தை, அது என்ன?”

“எலிம்மா.”

“எலிக்குக் கியர் போடத் தெரியுமா?”

அத்தை கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலே எழும்பாமல் சொன்னாள். “அன்னிக்கு இதே நேரம், நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா உங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா. காலையில சண்ட. தங்கச்சி வீட்டுக்கு ஓடத்தான் நாடகம் போடுறான்னு உங்கப்பா சாவிய எடுத்துப் பையில போட்டுக்கிட்டான். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும்ல... நீ குடுக்காட்டி போ, நானே போறேன்னு போயி உக்காந்தா. சாவி இல்லாம எங்க போறது? கியரப் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா. நானும் சத்தத்தக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் சத்தம் நின்னுச்சு. கோவம் தணிஞ்சிருச்சுன்னு நெனச்சோம்.”

அக்காவிடம் சொல்லியிருந்தது என்ன தெரியுமா? தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒரு வலி தெரியவில்லை, கொடுத்துவைத்தவள். ஏழு வருஷமாக அதைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

கூடத்துக்குப் போனாள். அப்பா நாற்காலியில் இருந்தார். அவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. டக்... டக். கை சட்டைப் பைமேல்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெனமும் போகப் பாக்குறா” என்றார். குரலில் பயம் இல்லை, வருத்தம் இல்லை. தண்ணீர் லாரி இன்னும் வரவில்லை என்று சொல்வதைப்போலச் சொன்னார். “சாவி எங்கிட்ட இருக்குல்ல. போக மாட்டா.”

இந்த இடத்தில் என் தோழி எப்போதும் நிறுத்துவாள். எனக்கு நிறுத்த வேண்டும்போல் இல்லை. பேய் பயமா உங்களுக்கு? எனக்கு அந்த நாற்காலிதான் பயம். செத்த பிறகும் விட மாட்டேன் என்று ஒரு மனிதர் மூன்று வேளையும் சாப்பிட்டு, பேப்பர் படித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி மதியத் தூக்கமும் போட்டிருக்கிறார்.

“செத்தும் பொம்பளைக்கு வண்டி குடுக்க மாட்டாங்களா?” என்று நம்ம குட்டச்சி கேட்கிறாள். அதேதான்.

அக்கா அழவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்ததாம். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க. குனிந்தாள். அவர் கையை நகர்த்தினாள், கனமாக இருந்தது. பைக்குள் விரலை விட்டுச் சாவியை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. தடுத்துப் பழக்கம் இருந்தது, எடுக்கிற ஆளைப் பார்த்துப் பழக்கமில்லை.

“சரி பண்ணிட்டேன்பா. லிவர் ஆடல.”

“அப்ப... சாயந்தரம் வந்துடுவியா?”

 அக்கா அறைக்குப் போய்ப் பையைத் தோளில் போட்டாள். சர்டிபிகேட், நாலு செட் துணி, அம்மாவின் போட்டோ ஒன்று. ஷெட்டைத் திறந்தாள்.

சத்தம் நின்றது.

உள்ளே யாரும் இல்லை. பவுடர் வாசனை மட்டும், கிட்டத்தில். ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தாள். உட்காரவில்லை. வெளியில் நின்றபடியே கையை நீட்டி, லிவர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துவிட்டு, சாவியை நுழைத்துத் திருப்பினாள். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. சீட்டில் கை வைத்துப் பார்த்தாள்... சூடு. ஆள் எழுந்த சூடு இல்லை. ஆள் உட்கார்ந்திருக்கிற சூடு.

கையை எடுத்துக்கொண்டாள்.

சாவியை அப்படியே விட்டாள். கார்க் கதவைத் திறந்தபடி விட்டாள். ஷெட் கதவு இரண்டையும் விரியத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்தாள். வாசல் கேட்டையும் திறந்து வைத்தாள். பிறகு ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். பஸ் போகிற பெரிய ரோட்டுக்கு நல்ல தூரம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை.

கொஞ்ச தூரம் போயிருப்பாள். பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம். மெதுவாக, பார்த்துச் சாத்தின சத்தம்.

அப்புறம் அப்பாவின் குரல். “எங்கடி போற?”

ரோட்டைப் பார்த்துக் கேட்ட குரல் இல்லை அது. ஷெட்டைப் பார்த்துக் கேட்ட குரல்.

டக்.

ஒரு தடவைதான். அடுத்த டக் வரவில்லை. என்ஜின் சத்தம் மட்டும் கனத்தது.

அக்கா பையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். ரோட்டின் ஓரமாக ஒதுங்கி, வண்டி போக வழி விட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.