பேட்டரி விளக்கு எரிந்தால்

ஸ்டேஷன் ஜீப்பில் பேட்டரி விளக்கு எரிந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள், சார்? பெரும்பாலும் எல்லாரும் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள். அது வீண். பேட்டரி வெறும் குடம். தண்ணீர் ஊற்றுவது டைனமோ. என்ஜின் ஓடும்போது மீட்டர் வைத்தால் பதினாலு வோல்ட் காட்ட வேண்டும். பன்னிரண்டுக்குக் கீழே நின்றால் குடத்தில் தண்ணீர் விழவில்லை என்று அர்த்தம்.

ஜெபக்குமாரின் பிக்கப் முதல் தடவை வந்தபோது பதினொன்றரைதான் காட்டியது. பதினெட்டு வருடத்துப் பழைய வண்டி. பிளவக்கல் அணைக்கு மேலே உள்ள தோப்புகளில் தேங்காய் ஏற்றி ராஜபாளையத்தில் இறக்குவார். செட்டியார்பட்டிக்காரர். லோடுக்குப் போகும்போதெல்லாம் மனைவி பியூலாவும் முன்சீட்டில் வருவாள். அவரைத் தனியாக விட்டால் சாப்பிடாமல் கிடப்பார் என்று சொல்வாள்.

என் கடை ராஜபாளையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் இருக்கிறது. ஆட்டோ எலெக்ட்ரிக்கல் வேலை. சொந்த ஊர் ஆரணி. இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வண்டியைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாரும் என்னிடம் பேசியது கிடையாது.

அன்றைக்கு டெர்மினலைத் தேய்த்தேன். எர்த் ஒயரைப் பார்த்தேன். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. டைனமோவைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது, உள்ளே கார்பன் தேய்ந்திருந்தது. அவர்கள் இரண்டு பேரும் பழைய டயர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருக்கது என்னதுண்ணே?" என்று ஜெபக்குமார் கேட்டார்.

"வேக்கம் பம்பு. இதுதான் பிரேக்கை லேசாக்குது. ரெண்டும் ஒரே பெல்ட்டுல சுத்துது. பெல்ட் அறுந்தா சார்ஜும் போய்டும், பிரேக்கும் கல்லாய்டும்."

"அப்போ இன்னா பண்றதுண்ணே?" என்று அவர் என் பேச்சு மாதிரியே பேசிக் காட்டினார்.

"சும்மா இருங்க. பாவம், அவிய ஊர்ல அப்பிடித்தான் பேசுவாவ," என்று பியூலா சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சாப்டியளாண்ணே? புளிச்சோறு இருக்கு," என்று தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

புதுக் கார்பன் போட்டதும் பதினாலு புள்ளி இரண்டு காட்டியது. நல்ல வேலை. அதுதான் தப்பாகப் போயிற்று. ஐந்து வாரம் அவர்கள் வரவில்லை.

ரோட்டில் டீசல் வண்டிச் சத்தம் கேட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து பார்ப்பேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டில் அவர்களைப் பார்த்தேன்.

"வண்டி ஜம்முனு ஓடுதுண்ணே. பொறவு எதுக்கு வாரது?" என்றார் ஜெபக்குமார். நியாயமான பேச்சு.

அடுத்தமுறை ஹாரன் பார்க்க வந்தபோது, டைனமோவுக்குப் பின்னால் ஒயர் மாட்டும் நட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டேன். குலுங்கிக் குலுங்கி நாலாவது நாள் கழன்றது. வந்தார்கள். மத்தியானம் வரை இருந்தார்கள். அன்றைக்கு மீன்குழம்பு. அதன் பிறகு மாதம் இரண்டு தடவையாவது வந்தார்கள். ஒரு தடவை எர்த் ஒயர், ஒரு தடவை ஃபியூஸ். யாருக்கும் கெடுதல் இல்லாத பழுதுகள்.

தப்பாக நினைக்காதீர்கள், சார். பியூலாவை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு இரண்டு பேரும் வர வேண்டும். அதற்காகத்தான் இரண்டு முக்காலி வாங்கிக் கடைக்கு முன்னால் போட்டேன். தினமும் காலையில் கடை திறந்ததும் இரண்டையும் துடைத்துப் போடுவேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். ஜெபக்குமார் உட்காரவில்லை.

"ஒங்களக் குத்தம் சொல்லலண்ணே. மாத்தி மாத்தி இந்த லைட்டு எரியத்தான் செய்யுது. நாளைக்கு லோடு எறக்கிட்டு, சீவில்லிபுத்தூர் நைனா முகமது பாய்கிட்ட ஒருக்கா காட்டிருதேன்."

"அண்ணன் மூஞ்சியப் பாருங்க, வாடிப் போச்சு," என்றாள் பியூலா.

"நீ செத்த சும்மா இருட்டி. இங்கன வந்து வந்து, நமக்கு இதுதான் வீடுன்னு ஆயிப்போச்சு."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அதை அவர் கிண்டலாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

நைனா முகமது நல்ல தொழில்காரர். நான் தளர்த்தியதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். "கடைசியா ஒரு தரம் பாத்துட்றேன்" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தேன். தளர்த்தியிருந்த எல்லாவற்றையும் இறுக்கினேன். பிறகு பெல்ட்டைப் பாதி அகலத்துக்கு, வெளியே தெரியாதபடி, பிளேடால் அறுத்தேன். அவர்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் கணக்கு இதுதான். மறுநாள் வழியில் பெல்ட் அறும். விளக்கு எரியும். எனக்குப் போன் வரும். புது பெல்ட்டோடு பைக்கில் போய் மாட்டிக் கொடுப்பேன். அதற்குப் பிறகு நைனா முகமதுவிடம் போக மாட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சர்ச்சில் உபவாச ஜெபம், பியூலா வண்டியில் போக மாட்டாள். அவள் ரோட்டில் வெயிலில் நிற்க வேண்டாமே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பிரேக் எனக்கு ஞாபகமே வரவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து போனைக் கையில் வைத்திருந்தேன். புது பெல்ட்டைப் பைக்குள் வைத்தேன், வெளியே எடுத்தேன், மறுபடி வைத்தேன். பதினோரு மணிக்குப் போன் வந்தது. பேசியது ஜெபக்குமார் இல்லை. லோடு ஏற்றும் வீரணன்.

"அண்ணே, அணை எறக்கத்துல வரும்போதே லைட்டு எரிஞ்சுது. 'ஆரணியண்ணனுக்கு நம்மள விட மனசில்லலே'ன்னு சிரிச்சாரு. பொறவு பிரேக்க ஏறி மிதிக்காரு, எறங்கவே மாட்டேங்குது. என்னையக் குதிலேன்னாரு. நான் குதிச்சுட்டேண்ணே."

பெல்ட் அறுந்த பிறகும் இரண்டு மிதிக்குப் பிரேக் பிடிக்கும். மூன்றாவது மிதியில் கல். இறக்கத்தில், முழு லோடில், இரண்டு மிதி போதாது. பாலத்துச் சுவருக்கும் தேங்காய்க்கும் நடுவில் இருந்து அவர் உடலை எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்றாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் பியூலா படியில் உட்கார்ந்திருந்தாள். ஜெபத்துக்குக் கட்டிய வெள்ளைச் சேலை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அண்ணே, அந்த லைட்டுக்கும் பிரேக்குக்கும் எதுவும் சம்பந்தம் இருக்கா? மொத நாள்ல நீங்க என்னமோ சொன்னியளே."

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. அது வேற, இது வேற."

தலையாட்டினாள். நான் சொன்னால் நம்புவாள்.

நொறுங்கிய வண்டியைப் பார்க்க நீங்கள் நைனா முகமதுவைக் கூப்பிட்டதும், அவர் பெல்ட்டை எடுத்து, பாதி நேராக வெட்டியிருக்கிறது, பாதிதான் பிய்ந்திருக்கிறது என்று காட்டியதும் எனக்குத் தெரியும். அவர் சொன்னது சரி. நான்தான் அறுத்தேன். அதில் எனக்குத் தகராறு இல்லை. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் இன்னொரு கேள்விக்குத்தான் இல்லை என்கிறேன். பியூலாவுக்காக நான் எதுவும் செய்யவில்லை. எனக்கு இரண்டு பேரும் வேண்டியிருந்தது.

விபத்து நடந்த மறுநாள் காலை வழக்கம்போல எட்டு மணிக்குக் கடையைத் திறந்தேன். ஒரு முக்காலியை உள்ளே தூக்கி வைத்தேன். இன்னொன்றைத் துடைத்து வெளியே போட்டேன்.